இழப்பை எழுதுவது எப்படி: போஸ்டர் மொழியிலிருந்து ஒப்பாரிப் பக்கம்

நம் ஊரில் ஒருவர் இறந்தால் மதியத்துக்குள் தெரு முனையில் போஸ்டர் வந்துவிடும். 'கண்ணீர் அஞ்சலி' என்று தலைப்பு, ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகம், தோற்றம் மறைவு என்று இரண்டு தேதி, 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று ஒரு வரி, கடைசியில் மகன் மருமகள் பேரப் பிள்ளைகள் பட்டியல். படத்தையும் பெயரையும் மாற்றினால் அடுத்த தெருவுக்கும் அதே போஸ்டர் ஆகும். சேதி சொல்வதற்கு அது போதும். சிக்கல் என்னவென்றால், சொந்தத் துக்கத்தைக் கதையாகவோ கவிதையாகவோ எழுத உட்காருபவர்களும் இதே மொழியில்தான் தொடங்குகிறார்கள். துக்கம் வந்ததும் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான்.

அதே வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கும் கிழவியைக் கேளுங்கள். செத்தவர் எந்தச் சந்தையில் எந்த நிறச் சேலை எடுத்துக் கொடுத்தார், எந்த அண்ணன் சீர் செய்யாமல் ஏமாற்றினான், கடைசி நாட்களில் யார் தண்ணீர் கொடுக்கவில்லை, எல்லாம் வரும். தன் சொந்தக் குறையையும் நடுவில் நைசாகச் சேர்த்துவிடுவாள். இந்தக் கட்டுரை சொல்லப்போவதெல்லாம் போஸ்டரை விட்டு அந்தக் கிழவி பக்கம் எப்படி நகர்வது என்பதைத்தான். ஒரு விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது: வாசகருக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது. தெரியாத ஒருவருக்காக அவர் எதற்கு அழ வேண்டும்? முதலில் அறிமுகம் செய்துவையுங்கள்.

முதலில் குறிப்பு மட்டும்

காரியம் முடிவதற்குள்ளேயே மறதி தொடங்கிவிடும். பதினாறு நாளும் வீடு நிறைய ஆட்கள். யார் எதைச் சொன்னார்கள் என்பது அடுத்த மாதமே குழம்பிப் போகும். அதனால் கதை எழுதாதீர்கள், குறிப்பு எடுங்கள். செல்போன் நோட்ஸ், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் மெசேஜ், மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம், எதுவானாலும் சரி. முழு வாக்கியம் தேவையில்லை. உவமை வேண்டவே வேண்டாம்.

பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த்தின் அம்மா 1977 அக்டோபர் 25 அன்று இறந்தார். மறுநாளே பார்த் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். தட்டச்சுத் தாளை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சில வரிகள், தேதியோடு. அவர் 1980இல் இறந்துபோனார். துண்டுகள் புத்தகமானது 2009இல். எழுதும்போது அதைப் படைப்பாக நினைத்து அலங்கரிக்காததால்தான் அவற்றில் உயிர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எதைக் குறித்துக்கொள்வது? காதில் விழுந்ததை முதலில். நேற்று வரை மாமா என்று கூப்பிட்டவர் இன்று 'பாடி எப்ப வருது?' என்று கேட்டிருப்பார். ஐஸ் பெட்டி கண்ணாடியில் நீர் கோத்து முகம் மறைய, அதை யாரோ துண்டால் துடைத்துக்கொண்டே இருந்திருப்பார். எந்த வீட்டிலிருந்து காபி வந்தது, பந்தல்காரர் நாற்காலிகளை எண்ணியது, நெற்றியில் வைத்த நாணயம் எந்த வருஷத்து நாணயம், இதெல்லாம் போகட்டும் என்று விட்டால் போயே போய்விடும். சடங்கை மட்டும் சினிமாவில் பார்த்தபடி எழுதிவிடாதீர்கள். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம் வேறு. மாதா கோவில் கல்லறைத் தோட்டமானாலும் ஜனாஸா தொழுகையானாலும் கொள்ளிக்குடமானாலும், உங்கள் வீட்டில் நடந்தது எதுவோ அதுதான் உங்கள் பொருள்.

பலரும் மயானத்தோடு குறிப்பை நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் வளமான இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது: அலுவலகங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்புறம் சான்றிதழ், அதில் பெயரின் எழுத்துப் பிழை, திருத்த மறுபடி ஒரு நடை. வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம். வங்கியில் நாமினி யார் என்ற கேள்வி. கரண்ட் கனெக்‌ஷன் பெயர் மாற்றம். ஏதோ ஒரு விண்ணப்பத்தில் தந்தை பெயர் என்ற கட்டத்துக்கு முன் பேனாவை வைத்துக்கொண்டு, முதல் முறையாக 'லேட்' என்று எழுத வேண்டிவரும் இடம். கண்ணீர் விட யாருக்கும் நேரமில்லாத இந்த வரிசைகளில் துக்கம் நன்றாகத் தெரியும்.

எழுத உட்காரும் நேரம்

இத்தனை நாள் கழித்து என்று கணக்கு இல்லை. ஒரு சோதனை உண்டு. இறந்தவரின் ஒரு குறையை, ஒரு அசட்டுத்தனத்தை, சிரித்துக்கொண்டே யாரிடமாவது சொல்ல முடிகிறதா? முடிந்தால் உட்காரலாம். அதற்கு முன் எழுதினால் துதிதான் வரும்.

மனபாரம் இறங்குவதற்காக எழுதுவது வேறு கணக்கு, அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரின் ஆய்வு ஒன்று 1986இல் வெளியானது. மாணவர்கள் தங்களைப் பாதித்த நிகழ்வை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனநிலை மோசமாகத்தான் இருந்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறைப் பாடம்: நேர வரம்பு வையுங்கள். இருபது நிமிடம் என்று அலாரம் வைத்து, அடித்ததும் நோட்டை மூடிவிட்டுக் கடைக்குப் போங்கள், துணி மடியுங்கள். இராத்திரி படுக்கும் முன் எழுதாதீர்கள். எழுத எழுதத் தூக்கமும் சாப்பாடும் கெட்டுக்கொண்டே போனால் எழுத்தை ஒதுக்கிவையுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச மனநல ஆலோசனை இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள்

எழுபது வருஷ வாழ்க்கையை ஆறு பக்கத்தில் அடக்க முயல்வதுதான் புதியவர்கள் விழும் பெரிய பள்ளம். பிறந்த ஊர், பட்ட கஷ்டம், பிள்ளைகளைப் படிக்கவைத்தது, நோய், மரணம் என்று அடுக்கினால் அது பதினாறாம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர். ஒரு பொருள், ஒரு இடம், ஒரு வழக்கம் போதும்.

அம்மாவை இழந்த மகள் ஒருத்தி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அம்மா இல்லாத வீடு வெறிச்சோடிக் கிடந்தது. எங்கு பார்த்தாலும் அவள் முகம். என் உலகமே இருண்டுபோனது. இனி யார் மடியில் தலை சாய்ப்பேன்?"

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வீடு, எந்த அம்மா? ஊரில் எல்லா மகளும் இதையே கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அவளுடைய குறிப்பு நோட்டில் ஒரு மூலையில் 'ரேஷன் கடை, கைரேகை' என்று மூன்று சொல் மட்டும் கிடக்கிறது. அதைப் பிரித்தால் இப்படி வரலாம்:

"ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் கட்டைவிரல் பதியாது. நாற்பது வருஷம் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். முந்தானையில் துடைப்பாள், தலைமுடியில் தேய்த்துக்கொண்டு மறுபடி வைப்பாள். பின்னால் வரிசை முனகும். 'வேற விரல் வை பாட்டி' என்பார் கடைக்காரர். சுண்டுவிரல் வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி என்னைப் பார்ப்பாள். இந்த மாதம் நான் தனியாகப் போனேன். வைத்த உடனே பதிந்தது. 'பாமாயில் நாளைக்குத்தான் வரும், அரிசி மட்டும் வாங்கிக்கிறியாம்மா?' என்றார்."

இதில் சாவு என்ற சொல்லே இல்லை. அம்மாவின் நாற்பது வருஷ உழைப்பு ஒரு விரலில் வந்துவிட்டது, அவள் கூச்சம் ஒரு பார்வையில் வந்துவிட்டது. 'வைத்த உடனே பதிந்தது' என்ற மூன்று சொல்லில் வாசகர் தானாகவே தடுக்கிவிழுவார். இந்த இடத்தில் உங்கள் பேனா இன்னொரு வரி எழுதத் துடிக்கும்: 'அந்தக் கணத்தில்தான் அம்மா இனி இல்லை என்பது உறைத்தது.' எழுதுங்கள், ஆசை தீரட்டும். அப்புறம் அடித்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட பொருளைத் தேடிப் பிடிக்க ஒரு பயிற்சி. இறந்தவரின் கை பட்ட பொருட்களை வரிசையாக எழுதுங்கள், ஒரு பக்கம் நிறையும் வரை. மூக்குக்கண்ணாடி, சாய்வு நாற்காலி, சட்டையின் வாசனை, நூல் புடவை ஆகியவற்றை அடித்துவிடுங்கள். அவை எல்லாமே உண்மைதான், ஆனால் ஏற்கெனவே நூறு பேர் பிழிந்த கரும்பு. மிச்சமிருப்பவற்றில், அவர் போனபின் யாரோ ஒருவர் வேறு விதமாகச் செய்ய வேண்டிவந்த வேலையோடு ஒட்டியது எது என்று பாருங்கள். மோட்டார் போடும் நேரம், கேஸ் புக் பண்ணும் நம்பர், தெருநாய்க்குச் சோறு வைக்கும் தட்டு. அங்கே கதை இருக்கும்.

ஆளை உயிரோடு கொண்டுவருவது

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235. அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா?

சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே
பெரியகட் பெறினே
யாம்பாடத் தான்மகிழ்ந் துண்ணும் மன்னே

கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் குடித்து மகிழ்வான். எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் அவன் நிற்பான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். இத்தனையும் சொன்ன பிறகுதான் அவன் மார்பில் வேல் தைக்கிறது. இறந்தது ஒரு மன்னன். ஔவை எடுத்த எடுப்பில் அவன் கொடியையோ கோட்டையையோ சொல்லவில்லை. கள்ளைப் பங்குபோட்ட விதத்தைச் சொல்கிறாள். நாமும் அவனோடு உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிடுகிறோம், அதனால் வேல் நமக்கும் தைக்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது: மரணமே வராத ஒரு பக்கம் எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்த ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. அதில் அவர் நிறையப் பேச வேண்டும். அடிக்கடி சொல்லும் பொய், தப்பாக உச்சரிக்கும் சொல், கோபம் வந்தால் யாரை இழுத்துத் திட்டுவார், பஸ்ஸில் சில்லறைக்கு எப்படிச் சண்டை போடுவார். ஒரு குறையாவது இருக்க வேண்டும் என்பது கட்டாயம். 'செத்தவங்களப் பத்தித் தப்பாப் பேசாதே' என்பது வீட்டுச் சட்டம். கதைக்கு அது செல்லாது.

குடித்துவிட்டு வந்து அடித்த அப்பா இறந்தால் வரும் துக்கம் இன்னொரு வகை. அவரைக் கடைசிப் பக்கத்தில் நல்லவராக்கி முடிக்கும் சபலம் வரும். வேண்டாம். அழுகை வரவில்லையே என்ற குற்ற உணர்ச்சியையே எழுதலாம். வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தவருக்கு மலஜலம் எடுத்தவர்களுக்கு, போனபின் முதலில் வருவது ஒரு பெருமூச்சு. அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்கியதையும் காலையில் அதற்காகக் கூசியதையும் யாரும் சொல்வதில்லை. சொன்னால், அதே நிலையில் இருக்கும் ஒருவர் உங்கள் பக்கத்தைப் பிடித்துக்கொள்வார்.

எதைச் சொல்லாமல் விடுவது

முதல் வரைவு முடிந்ததும் சிவப்பு மையால் இவற்றைச் சுற்றுங்கள்: வெறுமை, இதயம் நொறுங்கியது, கண்ணீர் குளம், காலன் பறித்துக்கொண்டான், மீளாத் துயில், வானத்து நட்சத்திரமானார், காலம் ஆற்றும். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் யாரோ செய்த ஒரு செயலை வையுங்கள். 'அழுதேன்' என்பது முழுக் கதைக்கும் ஒரு முறை அனுமதி. அதையும் அழக்கூடாத இடத்தில் செலவழியுங்கள்.

இந்தக் கட்டுப்பாடு நமக்குப் புதிதில்லை. ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடியது (புறநானூறு 242) மொத்தமே ஆறு வரி. இளைஞர்கள் பூவைச் சூடவில்லை, வளையல் அணிந்த பெண்கள் கொய்யவில்லை, பாணன் சூடவில்லை, பாடினி அணியவில்லை. கடைசியில் செடியிடம் ஒரே கேள்வி: 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே'. நான் வருந்துகிறேன் என்று புலவர் எங்கும் சொல்லவில்லை. ஊர் எதைச் செய்யாமல் நிறுத்திவிட்டது என்பதை மட்டும் எண்ணிக் காட்டுகிறார். பூத்துவிட்ட முல்லை மேல் அவருக்கு வரும் கோபத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. உங்கள் கதையிலும் எதுவும் நடக்காதது மாதிரி பூத்து நிற்கும் ஒன்று இருக்கும். பக்கத்து வீட்டு டிவி சத்தமாக இருக்கலாம், மறுநாள் வந்த பால் பாக்கெட்டாக இருக்கலாம்.

துக்கத்தோடு வேறு எது கலந்திருக்கிறது

உணர்ச்சிகள் வெளியே தெரியும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்பது இழப்பு. இளிவு பிறர் இகழ்வதால் வருவது. அசைவு, பழைய நிலை கெட்டுத் தாழ்வது. வறுமை தெரிந்ததுதான். புதியவர்கள் இழவை மட்டும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அதனால் கதை ஒரே சுருதியில் நின்றுவிடுகிறது. நிஜத்தில் இழவு வீட்டில் நான்கும் கலந்தே இருக்கும். மாலை வாங்கப் பணமில்லாமல் பக்கத்து வீட்டில் கைநீட்டியது வறுமை. நேற்று வரை முன்வரிசையில் நின்று கல்யாணம் நடத்திய அம்மா, இன்று ஓரமாக நிற்கச் சொல்லப்படுவது அசைவும் இளிவும். சொத்துத் தகராறில் பெரியப்பா குடும்பம் வாசல் வரை வந்து உள்ளே வராமல் திரும்பியது இளிவு.

எழுதி முடித்த வரைவில் இந்த நான்கில் எது எது இருக்கிறது என்று ஓரத்தில் குறியிட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால் இன்னொன்றை உங்கள் நினைவிலிருந்து தோண்டுங்கள். சிரிப்பையும் விட்டுவிடாதீர்கள். சாவு வீட்டில் நடப்பதைப் போல வேடிக்கை கல்யாண வீட்டில்கூட நடக்காது. யார் குடம் உடைப்பது என்ற சண்டை, தப்பான வீட்டில் மாலை போட்டுவிட்டு அழுத தூரத்து மாமா, இதெல்லாம் துக்கத்தைக் குறைக்காது.

கதையா, கவிதையா, கட்டுரையா

ஒரு கணம்தான் கையில் இருக்கிறதென்றால் கவிதை. மனிதர்களுக்குள் ஒரு தகராறு இருந்தால் கதை. உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி உறுத்தினால் கட்டுரை. இது என் கைப்பழக்கக் கணக்கு, சட்டம் கிடையாது.

கதை என்றால் சொந்தத் துக்கத்தை வேறு ஆளிடம் ஒப்படைத்துப் பாருங்கள். அண்ணனை இழந்தது நீங்கள். கதையில் தன் பங்காளியை இழந்த டீக்கடைக்காரர் அதைச் சுமக்கட்டும். ஊரும் தொழிலும் மாறினால் நீங்கள் பயந்து மறைத்ததெல்லாம் தைரியமாக வெளியே வரும். இன்னொரு லாபம், 'ஆனா சார், இது அப்படியேதான் நடந்தது' என்று வாதாட வேண்டியிருக்காது. நிஜமாக நடந்தது என்பதால் ஒரு காட்சி பக்கத்தில் நிற்காது.

தொடக்கம் பற்றி ஒன்று: விடிகாலை மூன்று மணிக்கு போன் அடிப்பதில் தொடங்கவே தொடங்காதீர்கள். மரணச் செய்தியை ஒரு வாக்கியத்தின் நடுவில், வேறு வேலைக்கு இடையில், போகிற போக்கில் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

இறந்தவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. தங்கைக்கு வேறு அப்பா இருந்தார், அம்மாவுக்கு முற்றிலும் வேறு ஆள். கட்டுரை என்றால் அச்சுக்குப் போகும் முன் நெருங்கியவர்களிடம் காட்டுங்கள். அனுமதி கேட்பதற்கென்றே காட்ட வேண்டியதில்லை. அச்சில் பார்த்து அதிர்ச்சி அடையாமல் இருந்தால் போதும். 'அந்த ஆஸ்பத்திரி பில் விஷயத்தை மட்டும் எடுத்துடுக்கா' என்று தங்கை கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடலாம், கதை சாகாது. ஒருவருடைய நோய், கடன், கல்யாணத்துக்கு முந்தைய காதல் போன்றவை உயிரோடு இருக்கும் ஒருவரைப் பாதிக்குமானால் விவரத்தை மாற்றுங்கள் அல்லது காத்திருங்கள். தற்கொலையால் வந்த இழப்பை எழுதும்போது முறையையும் பொருளையும் விவரிக்காதீர்கள். ஒற்றைக் காரணத்தையும் சூட்டாதீர்கள். அதே விளிம்பில் நிற்கும் ஒருவர் படிக்கக்கூடும்.

திருத்தமும் வெளியீடும்

வரைவைச் சில வாரம் பீரோவில் போட்டுவிட்டு எடுங்கள். சத்தமாகப் படியுங்கள். தொண்டை அடைக்கும் இடம் நல்ல இடம் என்று உடனே நம்பிவிடாதீர்கள். அங்கே அடைப்பது உங்கள் நினைவாக இருக்கலாம், பக்கத்தில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பத்தில் எட்டுக் கதை அவை இல்லாமல் நன்றாக இருக்கும்.

அப்புறம் இறந்தவரை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். சொந்தக்காரர்கள் இதற்கு உதவ மாட்டார்கள், அவர்கள் தலைப்பிலேயே அழுதுவிடுவார்கள். படித்தவரிடம் 'அழுகை வந்ததா?' என்று கேட்காதீர்கள். 'அவர் எப்படிப்பட்ட ஆள்?' என்று கேளுங்கள். 'ரொம்பப் பாசமானவர்' என்று பதில் வந்தால் மறுபடி நோட்டுக்குப் போங்கள். 'கஞ்சம், ஆனா நாய்க்கு மட்டும் பிஸ்கட் வாங்குவார் போல' என்று வந்தால் பத்திரிகைக்கு அனுப்பலாம். வருஷ நினைவு நாளைக்குள் வந்தாக வேண்டும் என்று ஆசிரியரை அவசரப்படுத்தாதீர்கள். திரும்பி வந்தால் அது உங்கள் அப்பாவை நிராகரித்ததாக ஆகாது. இன்னொரு பத்திரிகையின் முகவரியைத் தேடுங்கள்.